ஒரே பிளொப்பியில் இரண்டு பேர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு "வணக்கம்" என்று பதினொரு தடவை சொன்னேன். உடுப்புகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி வராது என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். பழைய கணினிகளைப் பற்றி ஒரு பொட்காஸ்ட் தொடங்கப்போகிறேன் என்று மாதக்கணக்காக வீட்டில் சொல்லித் திரிந்தேன். ஒலிவாங்கி வந்துவிட்டது. பெயர்கூட வைத்தாயிற்று. முதல் அத்தியாயம்தான் வணக்கத்தைத் தாண்டவில்லை.

"ஆர் கேக்கப் போயினம்?" என்றார் கணவர், கதிரையில் இருந்தபடியே. "பழசைப் பற்றிக் கதைக்கப் போறீர். இஞ்ச புதுசே ஒழுங்கா வேலை செய்யுதில்லை."

நான்கு பேராவது கேட்பார்கள் என்றேன். அந்த நால்வரில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லவில்லை.

எழுந்து நடந்தேன். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன், குடிக்காமல் திரும்பி வந்தேன். மேசையில் மூடி கழற்றிய பழைய கணினிப் பெட்டி ஒன்று கிடந்தது. வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. குனிந்து மணந்து பார்த்தேன். சூடேறிய தூசி மணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மிளகாய்த்தூள் மணமும் சேர்ந்தால்தான் எனக்கு அது கணினி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போர் நின்றிருந்த, சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சில வருடங்களில், கிளிநொச்சியில் எங்கள் பக்கம் மின்சாரக் கம்பி வந்திருக்கவில்லை. நான் படித்த கணினி வகுப்பு, தவம் அண்ணையின் மிளகாய் மில்லுக்குப் பக்கத்துக் கொட்டிலில் நடந்தது. மில்லுக்கும் வகுப்புக்கும் ஒரே ஜெனரேற்றர். யாராவது செத்தல் மிளகாயோடு வந்தால் எங்கள் மூன்று திரைகளும் ஒருமுறை சுருங்கி விரியும். பிறகு தும்மல் தொடங்கும். விசைப்பலகையின் இடுக்கெல்லாம் சிவப்புத் தூள். மறந்துபோய்க் கண்ணைக் கசக்கினால் அன்றைய படிப்பு முடிந்தது.

ஒரு கணினிக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்தவள் ஜெசிந்தா. நாயாற்றில் கடற்தொழில் செய்யும் குடும்பம்; படிப்பதற்காகக் கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் நின்றாள். நான் கோழி கொத்துவதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவேன். அவள் பாமினி என்ற தமிழ்க் கணினி எழுத்தில், விசைகளைப் பார்க்காமலே, வாசலில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தட்டுவாள். எனக்குப் பொறுமை கிடையாது. திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் வாசிக்காமல் "ஆம்" என்று அமத்திவிடுவேன்.

"என்னடி அவசரம் உனக்கு?" என்று புறங்கையில் அடிப்பாள். "என்ன கேக்குது எண்டு வாசிச்சுப்போட்டு அமத்து."

எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு பிளொப்பி இருந்தது. இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்வதானால், உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் தட்டு. எழுதியதைச் சேமித்து வெளியே கொண்டுபோக அதைவிட்டால் வழியில்லை. அச்சிடும் இயந்திரம் சந்திக்கடை ஒன்றில்தான் இருந்தது.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் தன் அலுவலகத்துக்குத் தட்டெழுத ஓர் ஆளைக் கேட்டது. ஒரேயோர் இடம். விண்ணப்பத்தைக் கணினியில் தயாரித்து, தன்னைப் பற்றி ஒரு பக்கமும் எழுதிக் கொடுக்கவேண்டும். ஜெசிந்தா இரண்டு நாள் இருந்து எழுதிப் பிளொப்பியில் சேமித்தாள். அடுத்து என் முறை. அவள் வீட்டுக்குப் போன பிறகு பிளொப்பியைப் போட்டேன். கணினி ஏதோ கேட்டது. வழக்கம்போல "ஆம்" என்று அமத்தினேன். தட்டை முழுவதுமாக அழிக்கவா என்பதுதான் அந்தக் கேள்வி.

அவள் எழுதியது எதுவும் தட்டில் இல்லை. ஆனால் என் விண்ணப்பத்தை அந்தத் தட்டிலேயே சேமித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நாள்தான் கடைசி நாள். ஜெசிந்தா வந்து திறந்து பார்த்தாள்.

"என்ரை எங்கை?"

"நேற்று ஜெனரேற்றர் இடையிலை நிண்டதெல்லோ" என்றேன். "அதிலை போயிருக்கும்."

அவள் நம்பினாள். ஜெனரேற்றர் தினமும்தான் நின்றது. திரும்ப எழுத உட்கார்ந்தாள். அன்று பார்த்து யாரோ கலியாண வீட்டுக்கு மூட்டையாக மிளகாய் கொண்டுவந்தார்கள்; மில் ஓடிய நேரமெல்லாம் திரை அணைந்து அணைந்து எரிந்தது. மில் ஓய்ந்தபோது அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். வேலை எனக்குக் கிடைத்தது. அவள் நாயாற்றுக்குத் திரும்பினாள். பிறகு திரும்பவும் போர் தொடங்கி எல்லோரும் இடம்பெயர்ந்தோம். யார் எங்கே என்று தெரியாமல் போனது.

பழைய கணினிகளைப் பற்றி எதைப் பேச வாய் திறந்தாலும் இந்தக் கதையில்தான் வந்து முட்டினேன். இதை விட்டுவிட்டு வேகம், நினைவகம் என்று பேசினால் என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தில், நாயாறு இருக்கும் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் விசாரித்தேன்.

"நாயாற்று ஜெசிந்தா அக்காவோ? இருக்கிறா. கருவாடு போடுறவா."

அவ்வளவு சுலபமாக இருந்தது. நான்தான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் ஒலிவாங்கிப் பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஜெசிந்தா கடற்கரையில், மீன் காயவைக்கும் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். "எடியே, நீயோ!" என்று ஓடிவந்து, கருவாடு மணக்கும் என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, நெற்றியால் என் தோளில் இடித்தாள். கதிரை எடுக்க உள்ளே போகப்பார்த்தாள். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திரும்பிப்போய் ஒரு வரிசை கருவாட்டைப் புரட்டி முடித்தாள்.

"தவம் அண்ணையோட சண்டை பிடிச்சனான், தெரியுமோ?" என்றாள். "உங்கடை ஜெனரேற்றராலைதான் என்ரை வேலை போச்சுது எண்டு. பிறகு நான் அவரோட கதைக்கவே இல்லை."

"எனக்குத் தெரியாது."

"நீ எனக்குக் கடிதம் போட்டனி. கவலைப்படாதை, உனக்கும் ஒண்டு கிடைக்கும் எண்டு."

அதை நான் மறந்திருந்தேன். உண்மையாகவே மறந்திருந்தேன்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு அடி போட்டிருப்பன். பிறகு அந்த ஒப்பிசுக்குப் போய் ஒரு நாள் தாங்கோ எண்டு கேட்டிருப்பன்." முகத்தைத் துடைத்தாள். "மன்னிச்சனோ இல்லையோ எண்டு இப்ப கேக்காதை. எனக்குத் தெரியேல்லை. உந்த மைக்கை இஞ்ச தா. இந்தக் கதையை நீ சொல்லக்கூடாது. நான் சொல்லுறன்."

பேசினாள். மில்லையும் தும்மலையும் சொன்னாள். நான் எழுத்துத் தேடும் அழகைச் சொல்லிச் சிரித்தாள். தவம் அண்ணையிடம், அவர் இல்லாத இடத்தில், மன்னிப்புக் கேட்டாள். என் பெயரை மட்டும் சொல்லாமல் "பக்கத்திலை இருந்தவள்" என்றாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினனானெல்லோ. 'நான் கடற்கரையில் பிறந்தவள்' எண்டு தொடங்கினனான். பிறகு என்ன எழுதினனான்?"

என்னைப் பார்த்தாள். அவள் அதை எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்; திரையை வாசிக்கவில்லை.

அந்த அத்தியாயம் அப்படியே வெளியாகிவிட்டது. கணவரோடு சேர்த்து ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். தவம் அண்ணை இன்று உயிரோடு இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. ஜெசிந்தாவின் சான்றிதழ்கள், படங்கள், சின்னம்மாவின் வீடு, ஒன்றும் மிஞ்சவில்லை. அவையெல்லாம் எப்படிப் போயின என்று கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதில் அவள் தன்னைப் பற்றி எழுதிய அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் என் பெயரைத்தான் சொல்லவேண்டும்.