கேமரா பிடுங்கிய போன்

கரண்டியைச் சாம்பாருக்குள் இறக்கும்போது வசந்தகுமாரிக்குக் கடல் தெரியும். பெரிய அண்டா அது. ஆவி எழும்பிச் சன்னல் வெளிச்சத்தில் கலையும்போது, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கப்பல் மெதுவாகப் போகும். கப்பலின் சமையலறையில் கோபி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். அவர் கடலை நேரில் பார்த்தவர் அல்ல. அதனால் அவருடைய கடல் கொஞ்சம் மஞ்சளாக, பருப்பின் நிறத்தில் இருக்கும்.

அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து தெலுங்கு பேசும் லாலாகுடாவின் ரயில்வே பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். வசந்தகுமாரி அதே நகரத்தின் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் கேண்டீனில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் சமையல்காரி. மகன் கோபி ஒரு பழைய சரக்குக் கப்பலில் சமையல் உதவியாள். கப்பலில் இணையம் அதிகாரிகளுக்கு மட்டும். துறைமுகம் வந்தால் மாலுமிகள் சங்கத்துப் போனில் வரிசையில் நின்று பத்து நிமிடம் பேசலாம். அந்தப் பத்து நிமிடம் எப்போதும் அம்மாவின் வேலை நேரத்தில்தான் வாய்த்தது. நான்கு மாதத்தில் பதின்மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் யாருக்கும் போகாத எண். மகன் குரலை ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலை வாசலில் கேமரா போனுக்குத் தடை. அதிகாரிகள் போனை வைக்க எண் போட்ட இரும்புப் பெட்டிகள் உண்டு. உள்ளே மேசைக்கு ஒரு தொலைபேசியும் உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களின் போன்கள் எதிர் டீக்கடைப் பிளாஸ்டிக் கூடையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து ஒலித்து ஓயும். விதி எல்லாருக்கும் என்றால் பெட்டி மட்டும் ஏன் ஆளைப் பார்த்து? சாம்பாருக்கு எவ்வளவு புளி என்பதைத் தவிர வசந்தகுமாரிக்குத் தெரிந்த ரகசியம் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு நாகம்மா, சனி பகவான் மறைக்கிறார், ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கு போடு என்றாள். இரண்டு வாரம் போட்டார். மூன்றாவது சனிக்கிழமை, பதினோரு வருடமாகக் கடந்துபோன வாசல் பலகையை நின்று படித்தார். தெலுங்கில் தெளிவாக இருந்தது: கேமரா உள்ள போன் கூடாது. அப்படியென்றால் கேமரா இல்லாத போன்?

ஞாயிற்றுக்கிழமை கோட்டி கடைத்தெரு நடைபாதையில் ஒரு பழைய பட்டன் போன் வாங்கினார். கேமரா கிடையாது. கடைக்காரன் தன் சிம்மைப் போட்டு அடித்துக் காட்டினான், கணீரென்று ஒலித்தது. திங்களன்று தன் சிம்மை அதில் போட்டு எடுத்துப்போனார்; வாசலில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். மூன்று நாள் இடுப்பில் செருகியபடி சமைத்தார். ஒரு சத்தமும் இல்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மஞ்சள் கடல் விரிந்துகொண்டே போயிற்று.

நான்காம் நாள், கேண்டீன் கல்லாவில் உட்காரும் தாரிணி கேட்டாள். "அக்கா, நேத்து ராத்திரி உங்களுக்கு எத்தனை வாட்டி போடறது? ஸ்விட்ச் ஆஃப்னே வருது."

"கைக்கு ஆஃப்? ஏன் ஆஃப் ஆவுது? பாரு, லைட்டு எரியுது."

"லைட்டு எரிஞ்சா ஆச்சா? மூலையில பெருக்கல் குறி போட்டிருக்கு பாருங்க. சிக்னலே இல்ல."

அன்று சாயங்காலமே இர்பானின் கடைக்குப் போனார். வாணியம்பாடிக்காரர், பழைய போன்களைப் பிரித்துச் சரிசெய்து விற்பவர்.

"வித்தவன் யாரு சிம் போட்டு அடிச்சுக் காட்டினான்?"

"அவன் சிம்தான்."

"அங்கதான் ஏமாந்தீங்க. அவன் கம்பெனி பழைய போனுக்கும் சிக்னல் குடுக்கும். உங்க கம்பெனி 4ஜி மட்டும். இந்த போனுக்கு 4ஜி தெரியாது."

"அப்ப மூணு நாளா நான் இடுப்புல வெச்சிருந்தது?"

"பேப்பர் வெயிட்டு, அக்கா."

இந்த மூன்று நாளும் சனி மறைக்கவில்லை, அலைவரிசை மறைத்தது. ஆனால் இர்பானிடம் இருந்த 4ஜி பட்டன் போன்கள் எல்லாவற்றிலும் கேமரா இருந்தது. வசந்தகுமாரி ஒன்றை எடுத்துப் பின்பக்கத்து வட்டக் கண்ணைத் தடவினார்.

"மீன் கழுவறப்போ செவுள புடுங்கறோம். இதப் புடுங்கினா மீதி ஓடுமா?"

இர்பான் சிரித்துவிட்டார். "ஓடும். ஆனா திரும்ப மாட்ட முடியாது. போட்டோ எடுக்கவே முடியாது. யோசிச்சுக்குங்க."

"போட்டோ நக்கோ, வேணாம். பேசணும்."

நான்கு திருகாணிகளைக் கழற்றி, உளுந்து அளவுப் பொருள் ஒன்றைக் குறட்டால் உருவினார். ஓட்டையைக் கறுப்புப் பிசினால் அடைத்தார். பிறகு வசந்தகுமாரியின் சிம்மையே போட்டுக் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். போன் அடித்தது.

"அக்கா, கேக்குதா?"

"ஹவ், ஆமா, கேக்குது!" பஸ் சத்தத்தையும் மீறிக் கத்தினார். பிறகுதான் பணம் கொடுத்தார்.

மறுநாள் வாசலில் காவல் அதிகாரி சுந்தரேசன் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கேமரா இல்லாத போன்னுதான்மா ரூல். கேமரா எடுத்த போன்னு இல்லையே."

"பல்லு புடுங்கினவங்களப் பல்லு இருக்கறவங்கன்னு எழுதுவீங்களா சார்?"

பின்னால் வரிசையில் சிரிப்பு. சுந்தரேசனுக்குக் கோபம் வந்தது.

"மேல கேக்கணும். போனக் கூடையில போடுங்க."

"கேளுங்க. இருக்கேன். சாம்பார் லேட்டானா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவர் நகரவில்லை. காய்கறி வண்டியும் பின்னால் வந்து நின்றது. கால் மணி நேரம் கழித்துச் சுந்தரேசன் போனில் யாருக்கோ இரண்டு முறை "எஸ் சார்" சொன்னார். பதிவேட்டில் 'கேமரா இல்லை' என்று எழுதினார். வசந்தகுமாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, தாளிப்பு வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இடுப்பு அதிர்ந்தது. அடுப்பைத் தாரிணியிடம் விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றார்.

"அம்மா? நிஜமாவே எடுத்துட்டியா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சாப்பிட்டியாடா?"

"நான்தாம்மா எல்லாருக்கும் சமைக்கிறேன். அப்புறம் ஒரு போட்டோ எடுத்து எப்படியாவது அனுப்பு. உன் மூஞ்சியே மறந்துபோச்சு."

"இதுல எடுக்க முடியாதுடா. கேமராவப் புடுங்கித்தான் உன் குரல உள்ள கொண்டாந்தேன்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். இப்ப உனக்கு எதிர்க்க என்ன தெரியுது, அதச் சொல்லு."

"என்னம்மா தெரியும், கடல்தான். வெறும் தண்ணி."

"அது என்ன கலர்ல இருக்கு?"

அவனுக்குப் பின்னால் யாரோ அவசரப்படுத்தும் குரல் கேட்டது.

"ஒரே கலர் இல்லம்மா. இரு, சன்னல் பக்கம் தள்ளிப் போயிப் பாத்துச் சொல்றேன்."

வசந்தகுமாரி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.