பாறை சுட்டது, அவருக்கு மட்டும் சுடவில்லை

பொழிச்சலூரில் நாங்கள் எட்டுப் பேர் தினமும் காலை ஐந்தரைக்கு ஒன்றாக நடக்கிறோம். ஐந்து பேர் டாக்டர் சொல்லி நடப்பவர்கள், மூன்று பேர் அரட்டைக்காக நடப்பவர்கள். நான் அரட்டைக் கட்சி. என் கணவர் செல்வம் டாக்டர் கட்சி. பதினாலு வருஷமாகச் சர்க்கரை.

போன மே மாதம், எங்கள் பள்ளிக்கு லீவு விட்டதும் (பம்மலில் கணக்கு டீச்சர் நான்), ஒரே நாளில் மலை, மீனவர் கிராமம், சாயங்காலம் சென்னை என்று திட்டம் போட்டோம். ஊட்டிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பன்னிரண்டு சீட் வேன், நாள் வாடகை டீசலோடு 5,500 ரூபாய். டிரைவர் பாஸ்கர். காலை 5.50க்குக் கிளம்பி, தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, செங்கல்பட்டுப் பக்கம் மலையடிவாரத்துக்கு 7.10க்குப் போய்விட்டோம். மலையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறே பத்து வண்டி வந்து நிற்கும்.

உடனே ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு. ஆனால் நாலு வீட்டிலிருந்தும் டிபன் வந்திருந்தது. ஒருத்தர் பொங்கலை இன்னொருத்தர் ருசி பார்க்காமல் போனால் மரியாதையா? அதிலும் எங்களோடு நடக்கிற ஸ்டெல்லா அக்கா கறிக்குழம்போடு ஆப்பம் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டு, பேசி, பிளாஸ்க் காப்பி குடித்து எழுந்தபோது மணி ஒன்பதரை.

அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மன் கல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "அம்மனத் தாண்டி யாரும் செருப்போட ஏற மாட்டாங்க. வெயிலு ஏறதுக்குள்ள எறங்கிடுங்க."

முதலில் செருப்பைக் கழற்றியது சர்ச்சுக்குப் போகும் ஸ்டெல்லா அக்காதான். "கும்புடுற எடம்னா கும்புடுற எடந்தான்" என்றார். ஆடு மேய்த்த பெண் சொன்னதில் முதல் பாதியை எட்டுப் பேரும் பக்தியோடு கேட்டோம். இரண்டாவது பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏற ஐம்பது நிமிஷம். கீழே கொஞ்ச தூரம் மர நிழல், அப்புறம் உச்சி வரை மொட்டைப் பாறை. மேலே நல்ல காற்று, தூரத்தில் ஏரி. போட்டோ எடுத்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. இறங்க ஆரம்பித்தபோது 11.40.

அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மேல் காலை வைத்த மாதிரி இருந்தது. ஸ்டெல்லா அக்கா துண்டை விரித்து நின்று, அதை எடுத்து, மறுபடி விரித்து இறங்கினார். நான் குடிக்கிற தண்ணீரைப் பாறையில் ஊற்றி ஊற்றிக் கால் வைத்தேன். வலியும் சிரிப்புமாக எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தோம். செல்வம் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூங்காவில் நடக்கிற மாதிரி நடந்தார். மற்றவர்கள் விட்டுவிட்டு வந்த பைகளை எடுக்க இரண்டு தடவை மேலே போய்த் திரும்பினார்.

"செல்வம் சார், உங்களுக்குச் சுடவே இல்லியா?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"எல்லாம் மனசுலதான்கா இருக்கு."

நான் அதை வீடியோ எடுத்து, 'எங்க வீட்டு இரும்பு மனுஷன்' என்று சொந்தக்காரர் குரூப்பில் போட்டேன். அடிவாரத்துக்கு வருவதற்குள் பதினேழு பேர் கை தட்டிவிட்டார்கள். அவர் சாக்ஸும் ஷூவும் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

மீனவர் கிராமமான கோவளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஒரு சின்ன மெஸ்ஸில் மீன் சாப்பாடு, ஆளுக்கு 160 ரூபாய். பிறகு படகுகள் நிற்கிற பக்கம் நடந்தோம். அலையில் கால் நனைக்க வேண்டுமென்று செல்வம் ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை இழுத்தார். சாக்ஸோடு தோலும் வந்தது.

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா அலறினார். "யம்மா! இன்னா சார் காலு இப்டி கீது?"

உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து, விரலடியில் சிவந்த சதை தெரிந்தது. செல்வமோ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?"

அவருக்குத் தெரியவே இல்லை.

"தண்ணில எறங்காத சார், குந்து" என்று அந்த அம்மா அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். என்னிடம் திரும்பினார். "சக்கர கீதா? எங்க வூட்டுக்காரரும் வலிக்கலன்னுதான் சுத்திகினு இருந்தாரு. முட்டியோட எடுத்துட்டாங்க. சீக்கிரம் இட்டுகினு போம்மா."

குடத்துத் தண்ணீரை அவரே காலில் ஊற்றினார். பாஸ்கர் தன் பையிலிருந்து துவைத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அதில் சுற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வேனில் உட்கார்ந்திருந்தார். ஈ.சி.ஆர். ரோட்டில் சென்னைக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். நாங்கள் பார்ப்பதாக இருந்த சாந்தோம் சர்ச் கோபுரம் ஜன்னலில் வந்து போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூலால் பாதத்தில் காயமில்லாத இடங்களாகப் பார்த்துத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க." செல்வம் காத்திருந்தார். டாக்டர் தொட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் செல்வம் கேட்டார்: "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

இரண்டு வருஷமாகவே கால் மரத்துப்போயிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ எங்கயும் விட மாட்டே" என்றார். ஆத்திரமாக வந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் அவர் நடந்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள் நான். அவரை எந்த வாயால் திட்டுவது? குரூப்பில் வீடியோவை அழித்தேன். ஏன் அழித்தாய் என்று நாலு பேர் கேட்டார்கள்.

இனி யோசனைகள். மே மாதத்தில் மொட்டைப் பாறை மலை என்றால் ஆறரைக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். டிபனை இறங்கி வந்து சாப்பிடுங்கள். மொத்தச் செலவு ஆளுக்கு 900 ரூபாய்க்குள் முடியும். செருப்பு கூடாத இடம் என்றால் அதிகாலையில் போங்கள், இல்லாவிட்டால் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு வாருங்கள். குழுவில் சர்க்கரைக்காரர் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள். எல்லோரும் குதிக்கும்போது ஒருத்தர் மட்டும் நிதானமாக நடந்தால் கை தட்டாதீர்கள். உட்காரவைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்புமா என்று மூன்று வாரம் யாரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் கட்டு மாற்றும்போது நர்ஸ் குதிகாலுக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

"ஆ! மெதுவா சிஸ்டர், வலிக்குது!" என்று செல்வம் கத்தினார்.

அந்தப் பெண் பதறிப்போய் சாரி சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை இழுங்க சிஸ்டர்" என்றேன்.