வென்ற ஜேர்சியைத் தோய்ப்பது

அரையிறுதியில் எதிரணி பந்தை அடித்தபோது எங்கள் கோல்காப்பாளன் கோல் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மாடு மரத்தில் உரசுவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு. பந்து அவன் காலருகே உருண்டு வலைக்குள் போனது. பிறகு இரண்டு கோல் அடித்து வென்றுவிட்டோம். ஆனாலும் பயிற்றுநர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "பைனல்லயும் இப்பிடிச் சொறிஞ்சுகொண்டு நிண்டா மற்றவனை இறக்குவன்."

ஆட்டம் முடிந்து ஜேர்சிகளைக் கம்பிவேலியில் காயப்போட்டோம். துறைமுகப் பக்கம் கச்சான் காற்று வீசும் காலம்; பார்த்திருக்கவே துணி காய்ந்துவிடும். அவனுடைய கறுப்பு ஜேர்சியின் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் அவன் வெறும் மேலோடு குந்தியிருந்தான். தோளுக்குக் கீழே வட்டம் வட்டமாகச் சிவந்த படை. துணியில் உப்புத் திரண்ட இடமும் தோலில் படை படர்ந்த இடமும் ஒன்றேதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: காய்ந்ததையெல்லாம் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்!

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம். சுற்றுப்போட்டியில் முதல் ஆட்டத்தை வென்றுவிட்டால், தோற்கும்வரை ஜேர்சியைத் தோய்க்கக் கூடாது. காயப்போடலாம், மடிக்கலாம், சென்ற் அடிக்கலாம். சவர்க்காரம் மட்டும் படக் கூடாது, வெற்றி கரைந்துவிடுமாம். இந்த முறையோ நாங்கள் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

"மச்சான், இதைத் தோய்க்கோணும்" என்றேன்.

"பைத்தியமாடா உனக்கு? பைனல் கிடக்கு."

"முதுகைப் பார்த்தியா?"

"பாமசியில கிறீம் வாங்கிப் பூசினனான். அடங்கிச்சு, பிறகு இன்னும் பெரிசா வந்திட்டு. வேர்வைதான்டா காரணம். வேர்க்கிற விளையாட்டையே விடு எண்டு உம்மா சொல்றா."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அந்தக் கிறீமை உடனே நிறுத்தச் சொன்னார். அது கடியை, அந்த அரிப்பை, மட்டும் அடக்கும்; உள்ளே பங்கசு, அதாவது பூஞ்சணம், வளர்ந்துகொண்டிருக்கும். வேறு மருந்து எழுதித் தந்து, கடி நின்ற பிறகும் சொன்ன காலம்வரை பூச வேண்டும் என்றார்.

"விளையாட்டை விடோணுமா, டொக்டர்?" நான்தான் கேட்டேன்.

"ஏன் விடுவான்? வேர்க்காட்டி இந்த வெயில்ல ஓடவே ஏலாது. வேர்வை ஈரத்தோட உடம்பில ஊறிக் கிடக்கிறதுதான் பிழை. விளையாடின உடனே குளிச்சு, நல்லாத் துடைச்சு, காய்ஞ்ச உடுப்புப் போடுங்கோ. ஜேர்சியை ஒவ்வொரு முறையும் தோய்க்கோணும்."

"அதுதான் ஏலாது, டொக்டர்" என்றான் அவன்.

"ஏன், வீட்டில தண்ணி இல்லையா?"

நாங்கள் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினோம்.

தோய்ப்பது மட்டுமல்ல, குளிப்பதும் சிக்கல். நாங்கள் பைப்படியில் மேல் கழுவும்போது அவன் கிண்ணியா பஸ்ஸுக்கு ஓடுவான். நனைந்த உடுப்போடு றெக்சின் சீற்றில் முதுகைச் சாய்த்தபடியே வீடுவரை போவான். 'குளி' என்று சொன்னால் போதுமா? பஸ்ஸை யார் பிடித்து வைப்பது? பயிற்றுநரிடம் போய் நின்றேன். அவனைக் கொஞ்சம் முன்கூட்டியே விடச் சம்மதித்தார்.

அடுத்து அணி. வேர்வை, உப்பு, பங்கசு என்று நான் தொடங்கியதுமே சிரிப்பு.

"வந்திட்டார் பெரிய டொக்டர்!"

"தோத்தா உன்னைத்தான்டா கல்லில அடிச்சுத் தோய்ப்பம்!"

சேட்டைக் கழற்றி என் கழுத்தடி வேர்க்குருவைக் காட்டினேன். ஒருவன் அக்குளைத் தூக்கிக் காட்டினான். இன்னொருவன் தொடையிடுக்கைச் சொறிந்தபடி மெல்ல நழுவினான். ஆனாலும் தோய்க்க ஒருவரும் ஜேர்சியைத் தருவதாயில்லை.

கடைசியில் எழும்பியது கோல்காப்பாளன்தான். "உங்கட ஜேர்சி நீலம், என்ட கறுப்பு. வழக்கமெல்லாம் நீலத்துக்குத்தானே?" தன் ஜேர்சியைச் சுருட்டி என் மடியில் எறிந்தான். "எனக்கு கோலுக்குள்ள நிக்கோணும். நீயே தோய்."

இப்போது அது எங்கள் வீட்டு வாளியில் ஊறுகிறது. முதல் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. பக்கத்து வாளியில் என் நீல ஜேர்சி. அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு பைனல். நாளை பயிற்சி முடிய, வாளி, துவாய், காய்ந்த சேட்டு எல்லாவற்றோடும் பைப்படியில் நிற்பேன். அவன் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். வென்றால், மிச்ச ஜேர்சிகளையும் தாருங்கள் என்று துணிந்து கேட்பேன். தோற்றால் கேட்கவே தேவையில்லை, வழக்கப்படி எல்லாவற்றையும் தோய்க்கத்தானே வேண்டும்.