மந்திரவாதிகள் செத்துப்போன உலகம்

அந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு நான் அச்சுவேலிக்குப் போனதே மந்திரவாதி ஆவதற்குத்தான். அங்கேதான் அம்மாவின் தங்கையான சித்தி கலியாணம் முடித்துப் போயிருந்தார். சித்தியின் மகன் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனுடைய பெரியப்பாவின் மகனுக்கு லண்டனிலிருந்து ஒரு விளையாட்டு வந்திருக்கிறதாம். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒரு தடித்த புத்தகமும் இருபது பக்கமுள்ள பகடையும்தான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் போகவேண்டும். "இப்ப நீ என்ன செய்யிறாய்?" என்று அவர் கேட்பார், நினைத்ததையெல்லாம் சொல்லலாம். எங்கள் பருத்தித்துறையில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதேயில்லை. பஸ் போய்ச் சேருவதற்குள் என் மந்திரவாதிக்குப் பெயர், தாடி, ஒரு கண்ணில் பூ, எல்லாம் முடிவாகிவிட்டன.

கதையை நடத்தியவர் அந்தப் பெரியப்பாவின் மகன்தான், உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் அண்ணை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. விறாந்தையில் அண்ணையின் தம்பிமாரோடு நாங்கள் பாயை விரித்து உட்கார்ந்தால் அண்ணை வாயாலேயே மழை பெய்ய வைப்பார். பூதத்தின் குரலில் அவர் கதைக்க, சித்தியின் மகன் என் கையைப் பிடித்துக்கொள்வான். எனக்கு அவரைக் கண்டதுமே பிடித்துப்போயிற்று.

"நான் மந்திரவாதி" என்றேன்.

"அது ஏலாது. இந்த உலகத்திலை மந்திரவாதியள் ஒருத்தரும் இல்லை. நோய் வந்து எல்லாரும் செத்துப்போட்டினம்."

"அப்ப அரசகுமாரன்?"

"அரசகுமாரன் உவன்" என்று சித்தியின் மகனைக் காட்டினார். "உனக்கு ஒரு விசேஷமான ஆளை வைச்சிருக்கிறன். நீ படகோட்டி. உங்கடை ஆக்களுக்குத்தானே கடல் நல்லாத் தெரியும்."

எனக்கு நெஞ்சு விம்மியது. செம்மண்ணும் வெங்காயமுமாகக் கிடக்கிற ஊரில், என் அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதை இவ்வளவு மதித்துச் சொல்ல ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்தேன். மந்திரவாதியின் தாடியை அந்தக் கணமே மறந்தேன்.

புயல் வந்தது. பகடையை உருட்டினேன், இருபது விழுந்தது. படகு தப்பித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கோட்டை.

"எல்லாரும் இறங்குங்கோ. படகோட்டி மட்டும் கரையிலை நிக்கவேணும்."

"நானும் வாறன்."

"படகை ஆர் பாக்கிறது?"

"கட்டிப்போட்டு வாறன்."

"கயிறு அறுந்திடும்."

"நங்கூரம் போடுறன்."

"வாசலிலை காவலாளி நிக்கிறான். படகோட்டியை உள்ளுக்கு விடமாட்டான்."

"நான் உடுப்பை மாத்திக்கொண்டு வந்தா?"

"மாத்தினாலும் மீன் மணக்குமடா. கண்டுபிடிச்சிடுவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். எந்தக் கேள்வியைப் போட்டாலும் மனுசன் எப்படி உடனே மறுமொழி வைத்திருக்கிறார்! கோட்டைக்குள் அவர்கள் புதையல் தேடிய நேரமெல்லாம் நான் கரையில் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை.

மறுநாள் பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் வந்து பாயில் குந்தினான். தான் மந்திரவாதி என்றான். அண்ணை கண்ணை மூடி யோசித்தார்.

"ஒரே ஒரு மந்திரவாதி குகைக்குள்ளை ஒளிச்சிருந்து தப்பினவன். நீ அவன்."

ஒரு நாள் பிந்தி வந்ததில் அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இப்போது நானும் பல்கலைக்கழக நண்பர்களுக்குக் கதை நடத்துகிறேன். எந்தப் பாத்திரம் உண்டு, எது இல்லை என்று எல்லை போடுவது நடத்துபவரின் உரிமை. அதற்காக இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் சண்டை பிடித்திருக்கிறேன். தண்ணீரே இல்லாத உலகத்தில் கடற்கொள்ளைக்காரன் எதற்கு? ஆனால் இல்லை என்றால் எல்லோருக்கும் இல்லை. ஆளைப் பார்த்து இடம் மாறுகிற வேலிக்கு வேறு பெயர் உண்டு. அந்த வயதில் எனக்கு அந்தப் பெயர் தெரியாது.

தெரியாததால்தான் அன்று மத்தியானச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் படகோட்டிக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். சித்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"சித்தி, எங்கடை ஆக்களுக்குத்தான் கடல் நல்லாத் தெரியுமாம். அண்ணை சொன்னவர். அதாலை கோட்டைக்குள்ளை என்னை விடமாட்டினமாம்!"

சித்தியின் அகப்பை அப்படியே நின்றது. அண்ணையின் தகப்பன் சிரித்தார். "என்ரை பெடி பிழையா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். சித்தப்பா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டேயிருந்தார்.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றார் சித்தி. என்னைப் பார்த்துத்தான்.

சித்தி அதுவரை என்னை ஒரு சொல் ஏசியதில்லை. எனக்குக் கண் நிறைந்தது. அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

விடிந்ததும் அப்பா வந்து நின்றார். மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தாமல் வெளியிலேயே காலூன்றிக்கொண்டிருந்தார். "உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியுங்கோ அத்தான்" என்று சித்தி சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். "நேரமில்லைப் பிள்ளை" என்றார் அப்பா. அவருக்கு அவசரம் என்று நம்பினேன். பாதி விளையாட்டில் என்னை வீட்டுக்குக் கலைத்துவிடுகிற சித்தியில்தான் எனக்கு அவ்வளவு கோபமும். அவர் தந்த பலகாரப் பொதியைக்கூட வாங்கவில்லை. ஆனாலும் ஒரு காரியம் இருந்தது. அதைச் சொல்ல அவரை விட்டால் வேறு ஆளில்லை.

"அண்ணையிட்டைச் சொல்லுங்கோ சித்தி, அடுத்த லீவுக்கும் நான்தான் படகோட்டி. வேறை ஒருத்தருக்கும் குடுத்திட வேண்டாமாம்."

சித்தி "ஓம்" என்றார். அப்பா வண்டியை எடுத்தார்.

வழிநெடுக நான் அப்பாவின் முதுகைப் பார்த்து, புயலில் படகைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். பிறகு என்ன நடந்தது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. காற்றில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.