மெழுகுவத்தியை மிச்சம் பிடித்தவர்

புதுச்சத்திரம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் பைக் சறுக்கி என் கணவருக்கு வலது மணிக்கட்டு உடைந்தபோது, எனக்குப் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல்வரை மாவுக்கட்டு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேற்பார்வை பார்ப்பவர். வீட்டில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு, டிவியில் பேய் கேம் ஆடுவது. அதற்கும் இரண்டு கை வேண்டும்.

"உன்ற கை ரெண்டும் சும்மாதானே இருக்குது?" என்றார் ஒரு நாள் மத்தியானம்.

சும்மாவா! அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு அப்போதுதான் கை கழுவி வந்திருந்தேன். இருந்தாலும் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் விடுமுறை அங்கேயே முடிந்தது.

அந்த கேமில், இழுத்து மூடப்பட்ட ஒரு மலை ஆஸ்பத்திரிக்குள் காணாமல்போன தங்கையைத் தேடி ஒரு பெண் போகிறாள். வார்டு வார்டாகச் செத்தும் சாகாத நோயாளிகள். அவளிடம் ஒரு துப்பாக்கி, ஒரு சின்னப் பை. குண்டு எங்கேயாவது ஒரு மேஜை டிராயரில் ஒன்றிரண்டு கிடைக்கும். அடிபட்டால் போட்டுக்கொள்ளக் கட்டுத்துணி கிடைக்கும். உயிர் எவ்வளவு மிச்சமென்று திரையோரத்தில் ஒரு கோடு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். ஆடியதுவரை பதிவு செய்ய வேண்டுமென்றால் ஒரு மாடத்தில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். ஏற்றினால் அந்த மெழுகுவத்தி தீர்ந்தது. பைக்குள் கொள்ளாததை ஓர் அறையிலிருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டு வைக்கலாம்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து நான் அசந்துபோனேன். கை உடையுமுன் அவர் ஆடிச் சேர்த்த குண்டு, கட்டுத்துணி, மெழுகுவத்தி, எல்லாம் ரேஷன் கடைக் குடோன் மாதிரி அடுக்கியிருந்தது.

"இத்தன இருக்குதுங்களே! எடுத்துக்கட்டுங்களா?"

"தொடாத. அதெல்லாம் பின்னால வேணும்."

இந்தப் 'பின்னால' எனக்குப் பழக்கமானதுதான். கல்யாணத்துக்கு வந்த நல்ல போர்வைகள் பின்னால் வேண்டுமென்று இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. ஆனால் அந்தப் போர்வைகளுக்காக யாரும் என்னைத் துரத்திக் கடிக்கவில்லை.

கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் உத்தரவு போடுவார், நான் ஓடுவேன். "சுடாத, சுடாத, சுத்திப் போ. அக்கட்டால கதவு இருக்குது பாரு. இடது பக்கம்! இடது!" எனக்குப் பித்தான்களே பிடிபடவில்லை. ஓடச் சொன்னால் குனிவேன், கதவைத் திறக்கச் சொன்னால் டார்ச்சை அணைப்பேன். அதற்குள் ஒருத்தன் தோளைக் கவ்விவிடுவான். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பாள். அவள் முனகல் என்னவோ என் நெஞ்சுக்குள் கேட்பது போலிருக்கும்.

"ஏனுங்க, இவ செத்துப் போயிருவாளாட்ட இருக்குதுங்க. ஒரு கட்டுப் போட்டறட்டுங்களா?"

"இன்னும் மஞ்சள்லதான் இருக்குது. செவப்புக்கு வரட்டும்."

சிவப்புக்கு வரும். அடுத்த அடியில் செத்துப்போவாள். பையில் கட்டுத்துணி அப்படியே இருக்கும்.

மெழுகுவத்தி விஷயம் இதைவிட மோசம். ஒரு நாள் கஷ்டப்பட்டு ஒரு மாடி முழுக்கக் கடந்துவிட்டேன். மாடம் கண்ணெதிரே இருந்தது. ஏற்றட்டுமா என்றேன். "இன்னொரு ரூம் பாத்துட்டு வந்து ஏத்திக்கலாம்" என்றார். அந்த இன்னொரு அறையின் கதவில் கை வைத்தேன், கரண்டு போய்விட்டது. மத்தியானம் முழுக்க ஆடியது அத்தனையும் போச்சு. ஃபேன் நின்ற அறையில், மே மாத வெக்கையில், இருவரும் கறுத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இதுக்குத்தான் ஏத்தறேன்னு சொன்னனுங்க."

"கரண்டு போகும்னு எனக்கென்ன சோசியமா தெரியும்?"

அந்த வாரம் மோகனூரிலிருந்து மாமியார் மகனைப் பார்க்க வந்தார். வாழைத்தாரை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவர், திரையைப் பார்த்ததும் எழுந்திருக்கவே இல்லை.

"அடக் கருமமே! கண்ணு, பொறத்தால ஒருத்தன் வாரான் பாரு. அந்தப் புள்ளைய ஓடச் சொல்லு!"

"அம்மா, சித்த சும்மா இரு," என்றார் இவர்.

"ஏஞ்சாமி, துப்பாக்கிய எதுக்குடா வெச்சிருக்கறா? சுடச் சொல்லு!"

இன்னொரு பிணம் கூரையிலிருந்து குதித்ததும் மாமியார் கத்திக்கொண்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். என் விரல் பதறிப்போய் துப்பாக்கியிலிருந்த குண்டெல்லாம் சுவரில் பாய்ந்தது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டார், அதுவும் மாவுக்கட்டுக் கையை. வலியில் "அம்மா!" என்று அலறினார். பேய்தான் அவரையும் பிடித்துவிட்டதென்று மாமியார் ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும்.

மாமியார் ஊருக்குப் போன மறுநாள் காலை, இவர் முகம் வீங்கி, கண் சிவந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். பல நாளாகத் தூக்கமில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை போலும், டாக்டரிடம் கேட்கலாமென்று மருந்து டப்பாவைத் திறந்தேன். வலி மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"இதை நீங்க போடவே இல்லீங்களா?"

"வலி இதுக்கு மேல ஜாஸ்தியானா என்ன பண்றது? அப்பப் போட்டுக்கலாம்னுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "இதுக்கு மேல என்னங்க ஜாஸ்தியாகோணும்? எலும்பே ஒடஞ்சு போச்சு! இன்னும் எத வெச்சுக் காப்பாத்தறீங்க?" என்று கத்தினேன். அழுகையும் வந்தது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான். இட்லி சாப்பிட வைத்து, ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். குழந்தை மாதிரி விழுங்கினார். மத்தியானம்வரை தூங்கினார்.

எழுந்ததும், "ஆடலாமா?" என்றார்.

"ஆடலாமுங்க. ஆனா இனிமே பை என்னோடது."

ஆஸ்பத்திரியின் நிலவறைச் சமையலறையில் வெட்டுக்கத்தியோடு ஒரு ராட்சசச் சமையல்காரி இருந்தாள். அவளிடம்தான் எத்தனையோ தடவை செத்திருந்தேன். அன்று இரும்புப் பெட்டியைத் திறந்து கொள்ளுமட்டும் எடுத்துக்கொண்டேன். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுட்டேன். அடிபட்டால் உடனே கட்டுப் போட்டேன். மறுபடி சுட்டேன். அவள் அடுப்போடு சரிந்து விழுந்ததும் நேரே போய் மெழுகுவத்தியை ஏற்றினேன். வாயெல்லாம் சிரிப்பு. இவர் திரும்பி, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கட்டடத்தில் என் சிரிப்பு போய்விட்டது. குண்டு ஒன்றுகூட இல்லை. ஒரே நடைபாதையில் இரண்டு பேர் மறித்து நின்றார்கள். திரும்பத் திரும்பச் செத்தேன். 'நாந்தான் சொன்னேனே' என்று இவர் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவரோ நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"இப்ப என்னதான் பண்றதுங்க?"

"அவனுங்களுக்குக் கண்ணு தெரியாது, காதுதான். அந்த இரும்புக் கதவத் தட்டு. சத்தத்துக்கு வருவானுங்க. நீ அந்தப் பக்கமாச் சுத்தி ஓடிரு."

தட்டினேன். வந்தார்கள். சுற்றி ஓடினேன். அதற்குப்பின் பாதிக்கு அவர் மூளை, பாதிக்கு என் அவசரம் என்று எப்படியோ கடைசிவரை போனோம். கடைசிப் பூதத்துக்குத் துப்பாக்கியே தேவைப்படவில்லை. லிஃப்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினால் முடிந்தது. தங்கை கிடைத்தாள். இவர் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அத்தன குண்டையும் நீ செலவு பண்ணாம வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

"வீணாத்தாங்க போயிருக்கும்."

"அதான் நானும் நெனச்சேன்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்ததோ, ஜெயித்த சந்தோஷமே எனக்கு வரவில்லை.

திரையில் எங்கள் ஆட்டத்துக்கு இருப்பதிலேயே கடைசி ரேங்க் போட்டிருந்தான். அவருக்கு அது பொறுக்கவில்லை. முதலிலிருந்து ஒழுங்காக ஆடலாம் என்றார். கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். மாவுக்கட்டு பிரிக்கும்வரை அவரும் மறுபடி கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்றும், பித்தான் அழுத்தி அழுத்தி வீங்கிய கட்டைவிரல் வற்றாமல், சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேஜை டீச்சர் பார்த்துவிட்டு, "லீவுல ஊட்டு வேல ஜாஸ்திங்களா டீச்சர்?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.