மதியம் ஒன்று முதல் நாலு வரை

1. ஆறு பேரைக் காணோம்

பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்த போன் வந்தது. லாவோஸ் நாட்டில் எங்களுக்காக வண்டி ஏற்பாடு செய்கிற ஏஜென்ட் பேசினார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த அரைகுறை இங்கிலீஷில் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒன்றரைக்கு பிக்கப். அங்கே இப்போது மணி இரண்டு. வேன் ஓட்டல் வாசலில் நிற்கிறது. உங்கள் கெஸ்ட் ஆறு பேரும் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

 அது நான் போட்ட முதல் வெளிநாட்டு ஐட்டினரி, அதாவது பயணத் திட்டம்.

அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் அதே டிராவல்ஸில் பஸ் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். கண்ணாடித் துளை வழியாக "ஜன்னல் சீட்டு இல்லீங்க" என்று சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே ஏசி ரூமில் டூர் பிளான் போடுகிற சீட்டு வாங்கினேன். எங்கள் முதலாளி கொஞ்ச காலம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் எல்லாருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "கலை, இது ஒண்ணு சொதப்புச்சின்னா மறுபடியும் பஸ் கவுன்டருதான். அப்புறம் எங்கிட்ட வந்து கண்ண கசக்காத."

கஸ்டமர் முதலியார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சபாபதி சார். மனைவி வசந்தா அக்கா, மகன், மருமகள், தம்பி, தம்பி மனைவி. மூன்று நாள் லுவாங் பிரபாங். ஆற்றங்கரை, பழைய புத்தர் கோயில்கள், ஒரு குன்று, ஒரு அருவி, அவ்வளவுதான் ஊர். அங்கே யாரும் எதற்கும் அவசரப்படமாட்டார்கள் என்று படித்திருந்தேன். அதனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை எங்கள் தொழில் வழக்கப்படி 'லெஷர்' என்று போட்டிருந்தேன்.

பிளானைக் காட்டியபோது சபாபதி சார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"லெஷருன்னா இன்னாம்மா?"

"சும்மா இருக்கறது சார்."

"சும்மா இருக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறி இம்மாந்தூரம் போவணுமா? முதலியார்பேட்டையிலயே சும்மா இருந்துட்டுப் போறேன். காச கொட்டி போறது பாக்கறதுக்கும்மா, படுக்கறதுக்கு இல்ல."

பேனாவை எடுத்து அவரே மூன்று லெஷரையும் அடித்தார். முதல் நாள் மதியத்தில் அருவியைச் செருகினோம். கஸ்டமர் சொன்னால் சரி என்று நானும் தலையாட்டினேன்.

2. ஷட்டர்

போனை வைத்ததும் முசியேயிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆற்றில் விழுந்தார்களா, கடத்தப்பட்டார்களா என்று இருவரும் மாறி மாறிப் பயந்தோம். சபாபதி சாருக்குப் போன் போட்டேன். மகனுக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

சரியாக ஒரு மணிக்கு எதிர் கடை ஷட்டர் கடகடவென்று இறங்கியது. அதைத் தொடர்ந்து பக்கத்துக் கடை, அதற்கடுத்த பாத்திரக் கடை. தெருவே கண்ணை மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் பெரும்பாலான கடைகள் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் திறக்காது. முசியே கொட்டாவி விட்டார். "ஆபீஸ் தொடங்கனதுலேர்ந்து இந்நேரத்துக்கு நான் முழிச்சிட்டிருந்ததே இல்ல" என்றார் கோபமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாக ஒன்றுக்குக் கடையைச் சாத்தி, சாப்பிட்டு, தூங்கி, நாலுக்குத் திறக்கிற மனுஷன் லெஷரைப் பேனாவால் அடிக்கலாம். கண் இமையை எப்படி அடிப்பார்?

ஓட்டல் ரிசப்ஷனுக்குப் போட்டேன். அங்கேயும் எடுக்கவில்லை. நாலாவது தடவை ஒரு பெண் தூக்கக் குரலில் எடுத்து, ரூமுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தாள். வசந்தா அக்கா பேசினார்.

"யாரு?"

"அக்கா, நான் கலை பேசறேன். எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கோம். மணி இன்னா?"

"அங்க மூணேகால் அக்கா."

அந்தப் பக்கம் "ஐயய்யோ" என்று ஒரு சின்னக் குரல். பிறகு ரகசியமாகப் பேசினார். "சாப்டு வந்து எல்லாரும் படுத்தாங்கம்மா. அவரு 'வசந்தா, ஒண்ணேகாலுக்கு எழுப்பு'ன்னாரு. நான்தான் எப்பவும் எழுப்புவேன். வீட்ல அவங்க தூங்கசொல்ல எனக்கு பாத்திரம் இருக்கும், மாவாட்டறது இருக்கும். இங்க ஒண்ணுமே இல்லம்மா. மெத்தை மேல சும்மா உக்காந்தேன். அவ்ளோதான் தெரியும்." குரல் இன்னும் இறங்கியது. "அவருகிட்ட சொல்லாதம்மா. இன்னும் எழுந்துக்கல."

அதற்கு மேல் அருவிக்குக் கிளம்பினால் போய்ச் சேர்ந்து சுற்றிப் பார்ப்பதற்குள் மூடிவிடுவார்கள். வேன் டிரைவர் என்ன சொன்னார் என்று ஏஜென்டிடம் கேட்டேன். டிரைவர் வேனுக்கும் மரத்துக்கும் நடுவே தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தாராம். அந்த ஊரிலும் எங்கள் ஊரிலும் சேர்த்து அன்று விழித்திருந்தவர்கள் நானும் முசியேயும் ஏஜென்டும்தான்.

"யாரு தப்பு?" என்றார் முசியே.

கஸ்டமர்கள் தூங்கிவிட்டார்கள் என்று சொன்னால் என் சீட்டு தப்பும். ஆனால் முசியே அதை சபாபதி சாரிடம் சொல்வார். சபாபதி சார் ஊர் திரும்புகிற வரைக்கும், ஏன், அதற்குப் பிறகும் அந்த அக்காவை அருவி அருவி என்றே குத்திக்கொண்டிருப்பார்.

"என் பிளான் தப்பு முசியே" என்றேன். வேன் நேரத்தைக் குழப்பியது நான்தான் என்று சபாபதி சாருக்கும் மெசேஜ் போட்டேன்.

பஸ் கவுன்டருக்குப் போகிற முன்பு மீதி இரண்டு நாளைத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அருவி மறுநாள் காலை. மதியத்தில் இப்படி எழுதினேன்: 'உள்ளூர் மரபுப்படி மதிய இளைப்பாறல், ஆறு பேருக்கும். நாலு மணிக்கு எழுப்புவது: ஓட்டல் ரிசப்ஷன்.' அந்தக் கடைசி வரிக்காக ஏஜென்டிடம் மூன்று தடவை பேசி, எழுத்தில் உறுதி வாங்கினேன்.

3. பழைய சீட்டு

ஊர் திரும்பிய சபாபதி சார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த ஊர்ல ஒரு மரபு இருக்குது பாரு, மதியத்துல இளைப்பாறறது. நம்ம ஊர்ல எவனுக்குத் தெரியும்?" முசியே காதிலும் விழுந்தது. ஆனாலும் என் டூர் சீட்டு திரும்பி வரவில்லை. நான் கண்ணாடித் துளைக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாத்ரூமில் போய் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம் முசியே லேட்டாக ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஒரு தலை குனிந்து உள்ளே வந்தது. வசந்தா அக்கா.

"அவரு தூங்கறாரு. நாலு மணிக்குள்ள நான் போவணும்" என்றார். பிறகு முசியேயைப் பார்த்து, "அன்னிக்கி தூங்கிப் போயி எல்லாத்தையும் கெடுத்தது நாந்தாங்க. இந்தப் பொண்ணு என்னைக் காட்டிக்குடுக்கல. அடுத்த டூரும் இவதான் போடணும்" என்றார்.

முசியே என்னைப் பார்த்தார். ஷட்டரை மறுபடி மேலே தள்ளினார். "போ, போயி பழைய சீட்டுல உக்காரு" என்றார். அன்றும் அவருக்குத் தூக்கம் போயிற்று.

இப்போது புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஐட்டினரி போடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் மற்றவர்களை எழுப்புகிறவர் யார் என்று கேளுங்கள். பணம் கட்டுபவர் வேறொருவராக இருக்கலாம். பிளான் எழுப்புகிறவருக்காகப் போட வேண்டும். இது எனக்கு அன்று வசந்தா அக்கா எதிரில் நிற்க, ஏசி ரூமில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தபோது தெரிந்தது.

"எந்த ஊரு போடட்டும் அக்கா?"

"எந்த ஊரா இருந்தா இன்னாம்மா?" என்றார் வசந்தா அக்கா. "நாலு மணிக்கு வேற யாராவது எழுப்பற ஊரா பாத்து போடு."