இரண்டு ஊர் எறும்பு

ரோண்டா கொய்விஸ்டோவுக்குச் சின்னது எதுவும் பிடிக்காது. அமெரிக்காவில், டுலூத் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். மலைச்சரிவுத் தெருக்களில் இடுப்பளவு பனி கொட்டிக் கிடக்கும்போது, வீட்டு உயரத்துக்கு ஒரு வண்டியை ஏரிப்பக்கமாக இறக்கிக்கொண்டு போகிறவளுக்குச் சின்னதன் மேல் எப்படி மரியாதை வரும்? அவள் காபி குடிக்கிற குவளையில் பூனையைக் குளிப்பாட்டலாம். கட்டிக்கொண்டவனும் ஆறரை அடி. அவன் அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பலில் போனவன் போனவன்தான். அதிலும் என்னைவிடப் பெரிய மீனாகப் பார்த்துத்தான் போயிருப்பான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டிக்குள் விட்டு, ரிமோட்டால் ஒன்றோடொன்று மோதவிடுகிற சண்டை ரோபோ ஒன்று அவளிடம் இருந்தது, அதுவும் அவளைப் போலத்தான். பெயர் ஹெல்கா, எடை முப்பது பவுண்டு, முன்னால் சுழலும் இரும்புச் சட்டம் ஒன்று. இந்த எடைப் பிரிவுக்கு 'இறகு' என்று பெயர். காலில் ஒருதரம் போட்டுக்கொண்டால் தெரியும் அது என்ன இறகென்று. ரோபோச் சண்டைக்காரர்கள் பெயர் வைப்பதில் குறும்பர்கள். பன்னிரண்டு பவுண்டுக்கு 'பொழுதுபோக்கு' என்பார்கள். மூன்று பவுண்டு 'வண்டு', ஒரு பவுண்டு 'எறும்பு'. ஹெல்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு மினியாபொலிஸ் வரை போய், இரண்டு நிமிஷத்தில் எதிராளியைத் தகரக் குப்பையாக்கிவிட்டு, வழியில் ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டு வீடு திரும்புவாள். கனமானது ஜெயிக்கும், லேசானது பறக்கும். இவ்வளவுதான் அவள் வேதாந்தம்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை மகள் பிரிட்டா. பதினொரு வயது, ஊசி மாதிரி உடம்பு, அதற்கேற்ற குரல். அந்தப் பிள்ளைக்கு எதுவுமே முதல் தோல்வி வரைக்கும்தான். ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் விட்டாள், சறுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். வயலினில் ஒரு சுரம் பிசகியது, பெட்டியை மூடினாள், மூடியதுதான். நீச்சலும் அப்படியே. அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். முகம் மட்டும் கதவைச் சாத்தினாற்போல் ஆகிவிடும். அதன் பிறகு யார் தட்டினாலும் திறக்காது. இந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க வாசலோடு திரும்பிவிடுமோ என்பதுதான் ரோண்டாவின் பயம்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகவே வந்து, நானும் ரோபோ கட்டப்போகிறேன் என்றாள். ரோண்டாவுக்குச் சந்தோஷம் பாதி, நடுக்கம் பாதி. இதையும் விட்டால் இனி எதையும் தொடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

எந்த எடையில் தொடங்குவது என்பதில்தான் பேச்சு தடித்தது. ரோண்டா பன்னிரண்டு பவுண்டுக்கு வாதாடினாள். பெரிய ஆணி, பெரிய திருகு, கை உள்ளே போகும், கோளாறு கண்ணுக்குத் தெரியும். நகராட்சிப் பட்டறை மெக்கானிக் டுவேன் தலையில் அடித்துக்கொண்டான். ஊரில் சின்ன எடைகளுக்குப் போட்டி நடத்துகிறவன் அவன்.

"ரோண்டா, அதுல ஒரு பிளேடு கழண்டு வந்தா பிள்ளைக்கு விரல் இருக்காது. எறும்புல விடு. உடைஞ்சா போகுது, அடுத்த மாசமே இன்னொன்னு கட்டிக்கலாம்."

"எறும்பா? தும்முனா பறந்துடும்."

"நீ தும்முனா ஹெல்காவே பறக்கும்" என்றான் டுவேன்.

கடைசியில் பிரிட்டாவையே கேட்டார்கள். ஹாக்கியும் வயலினும் அம்மா தேர்ந்தெடுத்தவை, இதையாவது அவள் எடுக்கட்டும் என்று ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். எறும்பு என்றாள் பிரிட்டா. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்: அம்மா தொடக்கூடாது, எட்டிப்பார்க்கக்கூடாது.

ரோண்டா தொடவில்லை. குளிர்காலம் பாதி போனது. பிரிட்டா இங்கிலாந்து நாட்டு ரோபோச் சங்கம் ஒன்றின் வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் என்னவோ அறுத்தாள், ஒட்டினாள். ஒருநாள் சமையலறைத் தராசில் அதை வைத்து நிறுத்துவிட்டு, நூற்று நாற்பத்தொன்பது கிராம், எல்லைக்கு ஒரு கிராம் உள்ளே என்று சொன்னபோது அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சத்தை ரோண்டா அதற்கு முன் பார்த்ததில்லை. சபாஷ் என்று தலையாட்டினாள். கிராம் கணக்கு அவளுக்கு எங்கே தெரியும்? பவுண்டிலும் டன்னிலும் வளர்ந்தவள். பிள்ளை எல்லை என்கிறாள், எல்லையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போட்டி லூத்தரன் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில். ஞாயிறு பாடகர் குழு நிற்கிற மேடையில், தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த சண்டைப்பெட்டி. பக்கத்து மேஜையில் பெண்கள் ஹாட்டிஷ் என்கிற சுட்ட கறிக்கலவையும் காபியும் வைத்திருந்தார்கள். டுவேன் எடை பார்க்க உட்கார்ந்திருந்தான். பிரிட்டா தன் ரோபோவை, அதன் பெயர் பட்டன், தராசில் வைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், அதே உயரம், முன்பக்கம் சரிந்த ஒரு தகடு. டுவேன் தராசைப் பார்த்தான். எடுத்தான், துடைத்தான், மறுபடி வைத்தான்.

"பாப்பா, இதுக்குள்ள பேட்டரி போட்டியா?"

"போட்டிருக்கேன்."

டுவேன் ரோண்டாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். இங்கிலாந்தில் எறும்பு என்றால் நூற்றைம்பது கிராம். இங்கே எறும்பு என்றால் ஒரு பவுண்டு, அதாவது அதைப்போல மூன்று மடங்கு. அந்த ஊர் எறும்புக்கு இந்த ஊரில் 'தேவதை' என்று பெயர். தேவதைப் பிரிவில் இன்று ஆளே இல்லை. லேசானது கனமான பிரிவில் இறங்கலாம், விதி தடுக்காது. ஆனால் அது சண்டையாக இருக்காது.

ரோண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வார்த்தை, இரண்டு ஊர், நடுவில் தன் பிள்ளையின் குளிர்காலம் முழுக்க. அந்த நாசமாய்ப்போன கிராமை ஒருதரம் பவுண்டாக்கிப் பார்க்க என்ன கேடு உனக்கு என்று தன்னையே வைதுகொண்டாள். திரும்பினால், பிரிட்டா எல்லாவற்றையும் கேட்டபடி நிற்கிறாள். அதே முகம். கதவு பாதி சாத்திவிட்டது.

"கண்ணு, கார்ல எஃகுத் தகடு இருக்கு. எடைதான் இன்னும் நிறைய பாக்கி இருக்கே, மேல வெச்சு முறுக்கிடலாம். நான் இப்பவே..."

"மோட்டார் இழுக்காது அம்மா." பிரிட்டா தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். "இது இவ்வளவுதான்."

பிறகு எதிராளிகள் மேஜைக்குப் போனாள். அவளுக்கு முதல் ஆட்டத்தில் விழுந்திருந்தவன் ஒரு கல்லூரி மாணவன், அவன் ரோபோவுக்கு விசிறி போலப் படுத்துச் சுற்றும் எஃகுச் சட்டம். பிரிட்டா மேஜை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, மூச்சு விடாமல் அந்தச் சட்டத்தையே பார்த்தாள். பட்டனை அதன் பக்கத்தில் வைத்தாள், எடுத்தாள். திரும்பி வந்து டுவேனிடம், எறும்பில் பெயரை எழுதுங்கள் என்றாள். ரோண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், தொடக்கூடாது என்ற நிபந்தனை நினைவுக்கு வர, மூடிக்கொண்டாள்.

பெட்டிக்கதவை மூடினார்கள். எதிராளியின் சட்டம் சுற்றத் தொடங்கியதும் கூடத்தில் இருந்த காபிக்கோப்பைகள் கிணுகிணுத்தன. பட்டன் ஒரு மூலையில், யாரோ கைதவறிப் போட்டதுபோலக் கிடந்தது. மாணவனுக்கே கொஞ்சம் சங்கடம், மெதுவாகத்தான் வந்தான். பட்டன் அசையவில்லை. ரோண்டா கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. சட்டம் வந்தது. பட்டனின் தலைக்கு மேலாகப் போனது. காற்றை மட்டும் அறுத்துக்கொண்டு போனது.

அவன் திரும்பி வேகமாக வந்தான். மறுபடியும் மேலேதான் போனது. அந்தச் சட்டம் ஒரு பவுண்டு எறும்பின் நெஞ்சுக்குக் குறிவைத்துக் கட்டியது, இந்த உயரத்தில் ஓர் எதிரி வருவான் என்று கட்டியவன் கனவிலும் நினைத்ததில்லை. பட்டன் இப்போது நகர்ந்தது. சரிந்த தகட்டை அவன் வண்டிக்கு அடியில் கொடுத்து, உள்ளே போனது. அவனுடைய ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. சாய்ந்த சட்டத்தின் நுனி தரையில் பட்டதுதான் தாமதம், அதன் வேகமே அந்த வண்டியைத் தூக்கி அடித்தது. மல்லாந்து விழுந்து, தன் ஆயுதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அசைய வழியில்லாமல் முனகியது. நடுவர் பத்து எண்ணினார். பட்டன் கொஞ்சம் தள்ளிப்போய்க் காத்திருந்தது.

கூடம் கத்தியது. ரோண்டா கத்தவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் என்றெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடந்ததைவிட இந்தப்பக்கம் நின்ற பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் வருகிறது, வருகிறது, இந்த ஊசி உடம்பு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. அவ்வளவு பெரிய லாரியில் உட்கார்ந்திருக்கிற தன்னாலேயே முடியுமா அது? தான் பெற்றதுதான், ஆனாலும் பயமாக இருந்தது. பெரிய ஏரியை முதல்முறை பார்த்த குழந்தை மாதிரி நின்றாள்.

இரண்டாவது ஆட்டம் பாவ் வாங் என்பவனோடு. பல்செட் செய்கிற தொழில் அவனுக்கு, கைவேலை சுத்தம். அவனுடைய உருளை ஆயுதம் தரையை உரசிக்கொண்டே சுற்றும், அதன் அடியில் பதுங்க இடமே இல்லை. ஒரே அடி. பட்டன் கூரைப் பலகையில் மோதி, இரண்டு துண்டாக, ஒரு சக்கரம் தனியே உருண்டோட, விழுந்தது. போதும் என்று பிரிட்டாவே கையைத் தூக்கினாள்.

ரோண்டா மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. நேரே போய் இரண்டு கோட்டையும், தொப்பியையும், கையுறைகளையும் எடுத்தாள். காரில் என்ன சொல்வது, என்ன சொல்லாமலிருப்பது என்று யோசித்தபடி மாடிப்படி அருகே கொஞ்ச நேரம் நின்றாள். முதல் ஆட்டம் போதும், அதை யாரும் இவளிடமிருந்து பிடுங்க முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு மகளைத் தேடிப் போனாள்.

பிரிட்டா மேஜையில் இருந்தாள். எதிரே பாவ் வாங் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். உடைத்தவனே வந்து ஒட்டிக்கொடுப்பது இவர்கள் வழக்கம், இதற்கு யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை. இரண்டு துண்டும் டேப்பால் கட்டப்பட்டிருந்தன. சக்கரத்துக்கு எவனோ ஒருவனுடைய உதிரி வந்திருந்தது, நிறம்கூடச் சேரவில்லை.

"கிளம்பலாமா கண்ணு?" என்றாள் ரோண்டா, முடிந்தவரை சாதாரணமாக.

பிரிட்டா நிமிரவில்லை. "கிளம்பறதா? இங்க ரெண்டு தடவ தோத்தாத்தாம்மா வெளிய அனுப்புவாங்க. எனக்கு இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு."

ரோண்டா கோட்டுகளை நாற்காலியில் போட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்தாள். பிரிட்டா அவள் கையைப் பிடித்து இழுத்து, அந்தச் சேராத சக்கரத்தை விரல்களுக்கு நடுவே வைத்தாள்.

"இதப் பிடி. பசை காயற வரைக்கும் ஆடக்கூடாது."

பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது.

"ஆட்டாத அம்மா" என்று அதட்டினாள் பிரிட்டா.